கொழுந்து விட்ட வயல்

எனக்கு ஒன்பது வயதாகும்வரை அரிசி என்பது கடையில் மூட்டைக்குள் உண்டாகிற பொருள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெரியவர்களுக்கே அதற்கு மேல் அதிகம் தெரியாது. தேயிலையைப் பற்றிக் கேளுங்கள், சொல்வார்கள். எந்த மலைக்கு எப்போது கவ்வாத்து, எந்தச் செடிக்கு என்ன சீக்கு, எந்தக் கணக்கப்பிள்ளைக்கு யார் மேல் கோபம் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல்நுனியில் இருந்தது. ஒரு நாற்றைக் கையில் கொடுத்து இது புல்லா நெல்லா என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட தோட்டத்திலிருந்து வயலில் இறங்கிய முதல் ஆள் என் அத்தை.

அத்தை அப்பாவின் அக்கா. எங்களுக்கு அடுத்த காம்பராவில், சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் இருந்தாள். மாமாவுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கு வருவார், வந்ததிலிருந்து திரும்பிப் போகும் பஸ்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். பிள்ளை இல்லாததால் அத்தை என்னைப் பாதி தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டிருந்தாள். திட்டுவதில் மட்டும் முழுவதையும் எடுத்துக்கொண்டாள். அந்த வருடம்தான் அவள் கொழுந்து எடுக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போக வேண்டியதில்லை என்ற நிம்மதி அவளிடம் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கை சும்மா இருக்க, வாய் இரண்டு மடங்கு வேலை செய்தது.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் திருவிழாக் கூட்டம் நடந்தது. எங்கள் மாரியம்மன் திருவிழா பங்குனிக் கடைசியில்தான் வரும். பேச்சு மட்டும் அப்போதே தொடங்கிவிடும். கூட்டத்தில் கோயில் தலைவர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அரிசி விக்கிற வெலைக்கு இந்த வருசம் அன்னதானம் முடியாதுங்க. கடலைய அவிச்சுக் குடுத்து, ஆளுக்கொரு பிளேன்டீ ஊத்திருவோம்."

ஒருவருக்கும் பிடிக்கவில்லை, ஆனால் மறுத்துப் பேசினால் அரிசியை யார் தருவது என்ற கேள்வி தன் பக்கம் திரும்பும் என்பதால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அத்தை மட்டும் இடுப்புச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அம்மனக் கும்புட வர்ற சனத்துக்குக் கடலையா? கேக்கவே நல்லாயில்லீங்க தலைவரே. அரிசியப் பத்தி யாரும் கவலப்படாதீங்க. இந்த வருசம் அன்னதான அரிசி என் வயல்லேருந்து வரும்."

கூட்டம் கைதட்டியது. தலைவர் முகம் மலர்ந்து அடுத்த விஷயத்துக்குப் போனார். அத்தைக்கு வயலே கிடையாது என்பது கைதட்டி முடித்த பிறகுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா மெதுவாகக் கேட்டார். "எந்த வயலுக்கா?"

"கெடைக்கும்" என்றாள் அத்தை.

கிடைக்கவும் செய்தது. நோட்டன் பிரிட்ஜிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும் வழியில் எங்கள் தோட்டத்தின் கடைசி மலை முடியும். அதன் அடிவாரத்தில் ஓடையை ஒட்டிச் சிங்களக் கிராமத்து வயல்கள் படிப்படியாக இறங்கிப் போகும். அந்தப் பக்கத்தை நாங்கள் நாட்டுப்பக்கம் என்போம். அங்கே ஒருவருக்குக் கீழே நல்ல வெட்டவெளியில் வயல் இருந்தது, மேலே தேயிலை மலையின் காலடியில் இன்னொரு துண்டும் இருந்தது. அந்த மேல்துண்டு சில வருடமாகச் சும்மா கிடந்தது. அத்தை போய்க் கேட்டாள். விளைவதில் பாதி அவருக்கு, பாதி அத்தைக்கு என்று பேசிக்கொண்டார்கள். அத்தை அவரை 'அய்யே' என்றாள், அவர் அத்தையை 'அக்கே' என்றார். அண்ணன் என்றும் அக்கா என்றும் அர்த்தம். இருவரில் யார் மூத்தவர் என்று யாருக்கும் தெரியாததால் அது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

"அக்கே, அந்த வயல் கொஞ்சம் கள்ளம்" என்று அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிப் பார்த்தார். வேலை செய்யச் சோம்பல்பட்டவர்கள் வயலைக் குறை சொல்கிறார்கள் என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள்.

இன்றைக்கு அந்த வயலைப் பார்த்தால் அது ஏன் சும்மா கிடந்தது என்று எனக்கே தெரிகிறது. கிழக்கே ஒரு மலை, மேற்கே ஒரு மலை. வெயில் தாமதமாக வந்து பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் போய்விடும். தண்ணீர் பாறைக்குள்ளிருந்து வருவதால் காலை வைத்தால் எலும்பு வலிக்கும். ஒவ்வொரு பாத்தியும் எங்கள் காம்பரா அகலம்தான், உழவு இயந்திரம் இறங்காது, எருமை இறங்கினால் திரும்பாது. கீழ் வயலில் ஒரு காலைப்பொழுதில் முடிகிற உழவை அங்கே மம்பட்டியால் ஆள் வைத்துக் கொத்த வேண்டும். நெல் விளைந்தாலும் அந்தக் கூலியை நெல் கட்டாது. ஆனால் அத்தையிடம் கூலிக்கணக்கே கிடையாது. கூலிக்குப் பதில் அவளிடம் நாங்கள் இருந்தோம்.

அப்பா கொத்தினார். வழுக்குப்பாறை மலையில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுகிற மனிதர், சமதரைச் சேற்றில் நிற்கத் தெரியாமல் மல்லாந்து விழுந்தார். சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் வைத்தே பழகிய உடம்பு, இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருந்தால் குழம்பிப் போகிறது. அம்மாவும் விழுந்தாள், உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு அக்காமாரும் விழுந்தார்கள். வரப்பில் போனவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விழாமல் நின்றது நான்தான், முழங்கால் வரை புதைந்து போயிருந்தேன். நாற்று நடும்போது தேயிலைக் கன்று நடுகிற மாதிரி நூல் பிடித்து, குச்சி ஊன்றி, கோணல் வந்தால் பிடுங்கித் திரும்ப நட்டார்கள். அந்த வட்டாரத்தில் அத்தனை நேராக நின்ற நெல் வேறு கிடையாது.

அது பச்சை பிடித்தபோது எங்கள் தோட்டத்துக்கே பெருமை பிடித்தது. வேலை விட்டு வருகிற பெண்கள் படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே மலையோரம் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

"அடியாத்தி, என்னா கொழுந்து! ஒரு ரவுண்டு எடுத்துரலாம் போலருக்கே!"

அவர்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை. காலமெல்லாம் இலையை விளைச்சலாகப் பார்த்த கண் அது. தளதளவென்று இலை வந்தால் எங்களுக்கு நல்ல காலம், மஞ்சள் தட்டினால் சீக்கு. அத்தை அந்தக் கண்ணோடுதான் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பாத்தியின் ஓரத்தில் பச்சை லேசாக வெளுத்ததும் பதறிப்போய் நோட்டனுக்கு நடந்தாள், என்னையும் கூட்டிக்கொண்டு. கடைக்கார நானா உரப் பையை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"தேயிலைக்குத்தானே?"

"ஆமாங்க நானா" என்றாள் அத்தை. நெல்லுக்கு என்றால் வேறு எதையாவது கொடுத்துவிடுவாராம். எது பச்சை கொடுக்கும் என்று தனக்குத் தெரியாதா என்று வழியெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். பையை அப்பா தோளில் சுமந்து இறக்கினார்.

உரம் வீசும்போது வயல்காரர் கீழேயிருந்து பார்த்துவிட்டு ஓட்டமாக மேலே வந்தார். மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க, தேயிலை மலையைக் கைகாட்டினார்.

"பொஹொர வேணாம் அக்கே, பொஹொர! மேல மலையில போடுறது எல்லாம் மழைக்கு இங்கதான் வருது. இந்த வயலு தின்னுது தின்னுது, நெல்லு போட மறக்குது."

பொஹொர என்றால் உரம் என்று எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பலகையில் எழுதியிருக்கும். அத்தைக்கும் தெரியும். ஆனாலும் பயிர் நன்றாக வருவது அந்த மனிதருக்குப் பொறுக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. "சரிங்கய்யே, சரிங்கய்யே" என்று தலையாட்டிக்கொண்டே மீதியையும் வீசி முடித்தாள்.

அதற்குப் பிறகு அந்த வயல் எப்படி வளர்ந்தது என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். என் இடுப்பைத் தாண்டியது, நெஞ்சைத் தாண்டியது, கரும்பச்சையாக இருட்டிக்கொண்டு நின்றது. மாசியில் கீழ் வயல்களெல்லாம் மெல்ல நிறம் மாறிப் பழுப்பும் மஞ்சளுமாகத் தலை கவிழ்ந்தன. அத்தை வரப்பில் நின்று பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"பாவம், அவுங்க பயிரெல்லாம் பழுத்துப்போச்சு. என்னா நோவோ."

எனக்கும் பாவமாக இருந்தது. அந்த மனிதர் நமக்கு உரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் பயிரையும் பட்டினி போட்டிருக்கிறாரே என்று நினைத்தேன். அவர் அறுவடைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்து அந்தப் பழுத்த பயிரைச் சிரித்த முகத்தோடு அறுத்தபோதுதான் அத்தையின் முகத்தில் முதல் சந்தேகம் வந்தது.

எங்கள் பயிரும் ஒருவழியாகக் கதிர் விட்டது. பங்குனி பிறந்ததும் ஒரு பிற்பகல் இடியோடு மழை கொட்டியது. அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால் அத்தனை உயரமும் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. அத்தை ஒரு கதிரை ஒடித்து நசுக்கிப் பார்த்தாள், ஊதினாள், பறந்தது. இன்னொன்று ஊதினாள், அதுவும் பறந்தது. அதற்கு மேல் ஊதவில்லை, உட்கார்ந்துவிட்டாள். அத்தை அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. ஆனால் கத்தாமல் உட்கார்ந்திருந்தாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திருவிழாவுக்கு அன்னதானம் உண்டென்று பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அதற்குள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அறுத்து, படங்கு விரித்து மிதித்து, சுளகில் தூற்றினார்கள். காற்று தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டது. மிச்சம் ஒரு மூட்டைக்கு வாய் கட்டத் தேவையில்லாத அளவு நெல். அப்பா அதைக் கையில் அள்ளிப் பார்த்து, "இத நகைக் கடையிலதான் நிறுக்கணும்" என்றார். அம்மா முறைத்ததும் சும்மா இருந்தார். பக்கத்தில் வைக்கோல் மட்டும் எங்கள் காம்பரா உயரத்துக்குக் குவிந்திருந்தது.

பங்கு பிரிக்க வயல்காரர் வந்தார். இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கே, நெல்லு நீங்க எடுங்க. எனக்கு வைக்கோல்ல பாதி போதும்."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "பரிதாபப்பட வேணாங்கய்யே. பங்குன்னா பங்கு. ஒங்க பாதிய அளந்து எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் சத்தமாகச் சிரித்தார். பரிதாபம் இல்லையாம். தை மாதத்திலிருந்து புல்லே இல்லை, எருமைகளுக்கு எலும்பு தெரிகிறது, தன் வயல் நெல்லைக் கொடுத்துவிட்டு வைக்கோலைக் குறைத்துவிட்டது என்று பாதி சிங்களத்திலும் பாதி கைச்சாடையிலும் விளக்கினார். அத்தை அவரைக் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு வைக்கோலைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் முழுவதும் அதைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, தலையில் ஒரு கட்டு வைக்கோலை ஏற்றினாள். எங்கள் தோட்டத்தில் மாடு வைத்திருந்தவர்கள் அந்த வெயில் காலத்தில் அரிவாளும் கயிறுமாக ஆற்றோரம் வரை புல்லுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். ஒரு கட்டு வைக்கோலுக்கு இத்தனை சுண்டு அரிசி என்று அத்தை ஒரு விலை வைத்திருந்தாள். சுண்டு என்பது வேறொன்றுமில்லை, காலி டின்பால் டின். வைக்கோலை இறக்கிவிட்டு அரிசியை அளந்து வாங்கிக்கொண்டு வர வேண்டும், வரும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

"ஒங்களுக்கு மட்டுந்தானாம். வேற யாருட்டயும் சொல்ல வேணாமாம்."

எல்லா வீட்டிலும் சொன்னேன். மேல் லயம், கீழ் லயம், டிஸ்பென்சரி லயம் என்று ஒன்று விடவில்லை. ஒவ்வொரு வீட்டு அக்காவும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தலையாட்டுவாள், உள்ளே போய்ப் பானையின் அடியில் டின் உரசுகிற சத்தம் கேட்கும். அத்தனை பெரிய ரகசியத்தைத் தோட்டத்தில் முழுசாகத் தெரிந்தவள் அத்தையைத் தவிர நான் ஒருத்திதான் என்பதில் எனக்குப் பிடிபடாத பெருமை. பள்ளிக்கூடத்தில் எவளாவது வாயைக் கிளறினால்கூட உதட்டைக் கடித்துக்கொள்வேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் காலையிலும் ராத்திரியும் ரொட்டியாகவே இருந்தது. நான் முணுமுணுத்தேன். பக்கத்து வீட்டிலிருந்தும் ரொட்டி வாசம்தான் வந்தது.

திருவிழாவன்று கிடாரத்தில் சோறு பொங்கியது. அதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒரு வீட்டுச் சிவப்பரிசி, ஒரு வீட்டுச் சம்பா, ஒரு வீட்டு வெள்ளை நாட்டரிசி, எல்லாவற்றுக்கும் நடுவே எங்கள் வயலின் கொஞ்சூண்டு நெல்லைக் குத்திய அரிசி. பாதி குழைந்து, பாதி விதையாக, சிவப்பும் வெள்ளையும் பழுப்புமாக இருந்தது. ஒரே வயலில் இத்தனை நிறம் விளைய அம்மனே நேரில் வந்து நாற்று நட்டிருக்க வேண்டும். தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "நமது தோட்டத்து வயலில் விளைந்த அரிசி, அனைவரும் அமர்ந்து சாப்பிடுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்" என்று திரும்பத் திரும்ப அறிவித்தார். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

"சொந்த வயலு அரிசின்னா அந்த ருசியே தனிதான்" என்றாள் மேல் லயத்து அக்கா ஒருத்தி. அவள் வீட்டுச் சம்பாவை நானே அளந்து வாங்கியிருந்தேன்.

"கடையில வாங்குறதெல்லாம் அரிசியா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். தலைவர் மூன்று தரம் போட்டுக்கொண்டார். வயல்காரரும் குடும்பத்தோடு வந்திருந்தார். தட்டைக் கிட்டே கொண்டுபோய் உற்றுப் பார்த்தார், நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். பிறகு "இன்னும் கொஞ்சம் போடுங்க அக்கே" என்று தட்டை நீட்டினார். பக்கத்துத் தோட்டத்துச் சனமெல்லாம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எங்கள் வயலைப் பார்க்கக் கிளம்பிப் போனார்கள். அறுத்த தாளைப் பார்த்துவிட்டு வந்து, நெல் அபாரமாக விளைந்திருக்க வேண்டும், தாள் தடிமனே சொல்கிறது என்றார்கள். அத்தை அடக்கமாகத் தலை குனிந்துகொண்டாள். அவள் அடக்கமாக இருந்து நான் பார்த்த ஒரே நாள் அதுதான்.

இத்தனை பெரிய மனிதர்கள் இப்படிச் சுலபமாக ஏமாறுகிறார்களே என்று எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு அத்தை வயலை விடவில்லை. உரப் பை மட்டும் திரும்ப அந்தப் பக்கம் இறங்கவில்லை. வயல்காரர் கீழே நெல் விளைவித்தார், அத்தை மேலே வைக்கோல் விளைவித்தாள், விளைந்ததை இருவரும் மாற்றிக்கொண்டார்கள். வயலின் குணம் தெரிந்த பிறகு அதோடு சண்டை போடாமல் பிழைக்கலாம் என்று ஆயிற்று. அத்தை இன்றும் இருக்கிறாள், இப்போது புல்லும் வளர்க்கிறாள், வாயும் குறையவில்லை.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. திருவிழா முடிந்து, மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு டிஸ்பென்சரி லயத்து வழியாக வந்தேன். நான் தலையில் சுமந்துபோய் இறக்கிய வைக்கோல் கட்டுகள் அங்கே வாசலுக்கு வாசல் அவிழ்க்காமலே கிடந்தன. நனைந்து கறுத்து, சிலவற்றில் காளான்கூட முளைத்திருந்தது. எனக்குப் பொல்லாத கோபம். கழுத்து வலிக்கச் சுமந்தது நான். நேராக வீட்டுக்கு வந்து, அரிசி கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன்.

"வாங்குனத மாட்டுக்குப் போடாம அழுகவிட்டுட்டாங்கம்மா, டிஸ்பென்சரி லயத்து ஆளுங்க!"

"அந்த லயத்துல யாருட்டடி மாடு இருக்கு?" என்றாள் அம்மா.

யோசித்துப் பார்த்தேன். ஒரு வீட்டிலும் இல்லை. "அப்ப எதுக்கு அரிசி குடுத்து வைக்கோல் வாங்குனாங்க?"

"கோயில்ல சோறு திங்கத்தான்" என்றாள் அம்மா, கழுவிய தண்ணீரை வாழைமரத்தடியில் ஊற்றிக்கொண்டே.

வைக்கோலை வாங்கி யாராவது சோறு தின்பார்களா? அம்மாவுக்கு நான் கேட்டதே விளங்கவில்லை என்று நினைத்து, விளையாட ஓடிவிட்டேன்.